சல்மாவின் கதையும் சல்மா எழுதிய கதையும்

யாழ்ப்பாணத்தில் தமிழ்நாட்டு எழுத்தாளர் சல்மாவைப் பற்றிப் பேச்செடுத்தால் முதலில் வந்து நிற்பது மலசலகூடம்தான். "புகுந்த வீட்டில் எழுத விடவில்லை என்று, இரவில் மலசலகூடத்துக்குள் ஒளிந்திருந்து கவிதை எழுதியவர் அல்லவா?" என்பார்கள். அவரேதான். ஆனால் அங்கே ஒளிந்திருந்து என்னதான் எழுதினார் என்று அடுத்த கேள்வி கேட்பவர்களைக் காண்பது அரிது. பெண்கள் தின மேடைகளில் யாராவது அந்தச் சம்பவத்தைச் சொல்கிறார்கள். சபை உச்சுக்கொட்டுகிறது, கைதட்டுகிறது, பிறகு தேநீருக்குக் கலைந்து போகிறது. ஒரு நூலின் பெயர்கூட அந்த மேடையில் ஒலிப்பதில்லை. தமிழில் இந்த நூற்றாண்டில் வந்த பெரிய நாவல்களில் ஒன்றை எழுதியவரை ஒரு துயரக் கதையின் நாயகியாக மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறோம். எனக்கு இது பொறுக்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

வாழ்க்கையைச் சொல்லாமல் விடவும் முடியாது. திருச்சி மாவட்டத்தில் துவரங்குறிச்சி என்ற சிற்றூர். அங்கே 1968இல் ஒரு முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தார். ராஜாத்தி என்பது வீட்டார் அழைத்த பெயர். பருவமடைந்த பெண் பிள்ளை பள்ளிக்கூடம் போகக் கூடாது என்பது ஊர் வழக்கம். அதோடு, தோழிகளோடு சினிமாக் கொட்டகைக்குப் போய் அகப்பட்டுக்கொண்ட விவகாரமும் சேர்ந்துகொள்ள, ஒன்பதாம் வகுப்போடு படிப்பு நின்றது. அதே கொட்டகையில் உட்கார்ந்து அதே படத்தைப் பார்த்த ஆண்களின் படிப்புக்கு ஒன்றும் ஆகவில்லை. அதன் பிறகு திருமணம் வரை வீடுதான். ஊர் நூலகத்திலிருந்து வந்த புத்தகங்களும், ரஷ்ய நாவல்களின் தமிழ் மொழிபெயர்ப்புகளும், ஒரு சின்ன ஜன்னலும் அவருக்கு உலகமாக இருந்தன. திருமணத்துக்குப் பிறகு எழுதுவதற்கே தடை வந்தது. வீடு உறங்கிய பிறகு ஒளித்து எழுதினார். தாள்களைத் துணிகளுக்கிடையே மறைத்து வைத்தார். அவை அம்மாவின் கைவழியாக வெளியே போய், சல்மா என்ற புனைபெயரில் இதழ்களில் வந்தன. ஊருக்கு அந்தச் சல்மா யார் என்று தெரியாது.

மேடையில் சொல்லப்படும் கதை இந்த இடத்தில் முடிந்துவிடுகிறது. எனக்கோ இதிலே வரும் அம்மாதான் முக்கியமானவர். மகளின் படிப்பு நின்றபோது அந்த வழக்கத்தோடு நின்றவர் அவர். கல்யாணத்துக்கு மகளைச் சம்மதிக்க வைத்த குடும்பத்தில் அவரும் ஒருவர். அதே கைதான் பிறகு மகளின் கவிதைகளை யாருக்கும் தெரியாமல் தபாலில் சேர்த்தது. காவல் காத்தவரும் கடத்திக் கொடுத்தவரும் ஒரே ஆள். பெண்ணை வீட்டுக்குள் வைத்துப் பூட்டும் சாவி பெரும்பாலும் இன்னொரு பெண்ணின் இடுப்பில்தான் இருக்கிறது என்பதையும், அவள் கல்நெஞ்சக்காரி இல்லை என்பதையும் சேர்த்தே எழுதத் தெரிந்தவர் சல்மா. அந்த அறிவு அவருக்கு இந்த அம்மாவிடமிருந்து கிடைத்திருக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

முதல் கவிதைத் தொகுப்பான 'ஒரு மாலையும் இன்னொரு மாலையும்' 2000இல் வந்தது. இரண்டாவதான 'பச்சை தேவதை' 2003இல் வந்தது. இரண்டும் காலச்சுவடு வெளியீடுகள். 'இரண்டாம் ஜாமத்துக் கதை' என்ற கவிதையைப் படித்திருக்கிறீர்களா? பிள்ளைப்பேறு வயிற்றில் விட்டுப்போன கோடுகளை இரவில் கணவன் பார்க்கிறான். அவனுடைய அருவருப்பை அவள் பார்க்கிறாள். நடப்பது அவ்வளவுதான். அழுகை இல்லை, சாபம் இல்லை. 'ஒப்பந்தம்' என்ற கவிதையில் இன்னும் நெருங்கி வருகிறார். படுக்கையறையில் எது பிசகினாலும் குற்றம் அவளுடையதுதான் என்று சகோதரியும் அம்மாவும் ஆளுக்கொரு குரலில் சொல்லிக்கொடுக்கிறார்கள். ஒருத்தி கோபமாக, மற்றவள் மெதுவாக. அந்த மெதுவான குரல்தான் அதிகம் வலிக்கிறது.

இந்தக் கவிதைகளுக்காகத்தான் 2003ஐ ஒட்டிய ஆண்டுகளில் குட்டி ரேவதி, மாலதி மைத்ரி, சுகிர்தராணி ஆகிய கவிஞர்களோடு சேர்த்து இவரையும் ஆபாசமாக எழுதுகிறவர் என்று தமிழ்நாட்டில் வைதார்கள். யாழ்ப்பாணத்திலும் அந்த வசவை அப்படியே வாங்கிக்கொண்டு திருப்பிச் சொன்னவர்கள் இருந்தார்கள். அவர்களுக்கு ஒரு விஷயம் நினைவில் இல்லை. பெண்களின் கவிதைகளை மட்டும் திரட்டிய 'சொல்லாத சேதிகள்' தொகுப்பு 1986லேயே இந்த மண்ணிலிருந்து வெளிவந்துவிட்டது. தமிழில் பெண்கள் தங்கள் குரலிலேயே பேசத் தொடங்கிய வரலாற்றை எழுதுகிறவர்கள் யாழ்ப்பாணத்தைத் தாண்டிப் போக முடியாது. லஷ்மி ஹோம்ஸ்ட்ரோம் ஈழத்துக் கவிதைகளையும் சல்மாவின் எழுத்தையும் ஒருசேர ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனார். வெளியிலிருந்து பார்த்தவருக்கு இரண்டும் ஒரே ஆற்றின் இரு கரைகளாகத் தெரிந்திருக்கின்றன.

சிவரமணியை நினைக்காமல் இந்த இடத்தை என்னால் கடக்க முடிவதில்லை. சல்மா பிறந்த அதே 1968இல் பிறந்தவர், யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவி. 1991 மே மாதத்தில், கைக்கு எட்டிய தன் கவிதைகளையெல்லாம் எரித்துவிட்டுத் தன் உயிரையும் மாய்த்துக்கொண்டார். மற்றவர்களிடம் இருந்த பிரதிகளும் அச்சில் வந்தவையும் பிறகு ஒரு சிறு தொகுப்பாக மிஞ்சின. அவரை இந்த ஊர் எப்படி நினைவில் வைத்திருக்கிறது? எரித்தார், இறந்தார் என்றுதான். போர்க்காலத்து இரவு குழந்தைகளை என்ன செய்கிறது என்று அவர் எழுதிய வரிகள் எத்தனை பேருக்குத் தெரியும்? பெண் எழுத்தாளர் என்றால் அவருக்கு நேர்ந்ததைப் பேசுவோம், அவர் எழுதியதைப் பேச மாட்டோம் என்ற பழக்கம் சல்மாவிடம் தொடங்கியது இல்லை. சிவரமணிக்கு நாம் இதைச் செய்து முப்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது.

சல்மாவின் முதல் நாவலான 'இரண்டாம் ஜாமங்களின் கதை' 2004இல் வெளிவந்தது. எங்களைப் பொறுத்தவரை அது நல்ல நேரம். போர்நிறுத்தத்துக்குப் பிறகு 2002இல், யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 வீதி திறந்திருந்தது. 2006 ஆகஸ்ட்டில் மறுபடியும் மூடப்பட்டது. இடைப்பட்ட அந்த நான்கு ஆண்டுகளில்தான் தமிழ்நாட்டுப் புத்தகங்கள் பெட்டி பெட்டியாக யாழ்ப்பாணம் வந்தன. அதற்கு முந்திய பத்து ஆண்டுகளும் நாங்கள் ஜாம் போத்தலுக்குள் பஞ்சையும் கொஞ்சம் மண்ணெண்ணெயையும் விட்டு எரித்த விளக்கில், அட்டை போன பழைய நாவல்களை மாறி மாறிப் படித்துக் கிடந்தவர்கள். புதுப் புத்தகத்தின் மணமே மறந்துபோயிருந்த காலம் அது. கஸ்தூரியார் வீதியில் ஒரு கடையில் இந்த நாவலை வாங்கி வந்தேன். தடித்த புத்தகம். பாத்திரங்களின் பெயர்கள் முதலில் குழம்பின. யார் யாருடைய நாத்தனார், யார் யாருடைய சின்னம்மா என்று தாளில் எழுதி வைத்துக்கொண்டு படித்தேன். பிறகு அந்தத் தாள் தேவைப்படவில்லை. அந்தத் தெருவில் குடியேறிவிட்டேன்.

ராபியா என்ற சிறுமி, பருவம் எய்தும் விளிம்பில் நிற்கிறாள். தோழிகளோடு களவாகப் படம் பார்க்கப் போகிறாள். அவளுடைய அம்மா ஸொஹ்ரா, பெரியம்மா ரஹிமா, கல்யாணமாகிப் போகும் வஹிதா, கட்டிவைத்தவனோடு வாழ மாட்டேன் என்று திரும்பி வந்துவிட்ட பிர்தவ்ஸ் என்று பெண்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். பெரிய சம்பவங்கள் அடுக்கடுக்காக நடக்கும் நாவல் இல்லை இது. நோன்பு வருகிறது, சமையல் நடக்கிறது, யாரோ யாரையோ பற்றிப் பேசுகிறார்கள். அந்தப் பேச்சு இருக்கிறதே, அதுதான் நாவல். ஆண்கள் இல்லாத பகல் நேரத்தில் பெண்கள் பேசிக்கொள்ளும் பச்சையான பேச்சு. கணவன்மாரைப் பற்றி, படுக்கையைப் பற்றி, மாதவிலக்கைப் பற்றி. சிரித்துச் சிரித்துப் பேசுகிறார்கள். சிரிப்பு அடங்குவதற்குள் நமக்கு நெஞ்சு அடைத்துவிடுகிறது.

பிர்தவ்ஸுக்கு அடுத்த வீட்டு இந்து இளைஞன் மீது விருப்பம் வருகிறது. வீட்டு ஆண் ஒருவர் வேறு சாதிப் பெண்ணை வைத்திருப்பது ஊரறிந்த சங்கதி. அதை ஊர் விழுங்கிக்கொள்கிறது. பிர்தவ்ஸுக்கு அந்தச் சலுகை இல்லை. அவளுக்கு வரும் முடிவு பள்ளிவாசலிலிருந்தோ தெருவிலிருந்தோ வருவதில்லை. பெற்ற தாயின் கையிலிருந்து வருகிறது. கவிதைத் தாளைத் துணிக்குள் ஒளித்துக் கொண்டுபோகும் தாயும் உண்டு, விஷத்தைக் கையில் கொடுக்கும் தாயும் உண்டு. சல்மா இரண்டாமவளை எழுதும்போதும் வெறுப்போடு எழுதவில்லை. அவள் மகளை நேசிப்பது ஒவ்வொரு பக்கத்திலும் தெரிகிறது. அதனால்தான் அந்தப் பகுதியைப் படித்துவிட்டு என்னால் அன்று வேறு வேலை பார்க்க முடியவில்லை.

"பாவம், அந்தச் சமூகத்துப் பெண்கள்" என்று சொல்லிக்கொண்டு இந்த நாவலை மூடுகிறவர்கள் இங்கே நிறையப் பேர். நாம் படித்த சமூகம், உடுவிலில் 1824லேயே பெண்களுக்கு விடுதிப் பள்ளி கண்ட சமூகம், நம் பெண்களின் படிப்பு நின்றதில்லை என்று அவர்களுக்கு ஒரு பெருமிதம். பெருமை உண்மைதான். ஆனால் நான் பருவமடைந்து சாமத்தியப்பட்டபோது என்ன நடந்தது என்று எனக்கு மறக்கவில்லை. வீட்டின் மூலை அறையில் என்னை இருத்தினார்கள். தனித் தட்டு, தனிப் பாய். காலையில் வெறும் வயிற்றில் பச்சை முட்டையை உடைத்து வாயில் விட்டு, அது தொண்டையைத் தாண்டுவதற்குள் நல்லெண்ணெயை மேலே ஊற்றினார் அம்மம்மா. மத்தியானம் கத்தரிக்காய், பின்னேரம் உழுத்தம்மாக் களி. அறையின் ஜன்னலால் கிணற்றடி தெரியும். என்னுடைய சைக்கிளை எடுத்துக்கொண்டு தம்பி ஒழுங்கையில் ஓடித்திரிவது கேட்கும். அவன் என் அறைப் பக்கம் வரக் கூடாது என்று சொல்லி வைத்திருந்தார்கள். காரணம் கேட்டால் அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

பிறகு தண்ணீர் வார்த்து, மாமி ஆராத்தி எடுத்து, கூறைச்சேலை உடுத்திப் படம் பிடித்தார்கள். இரண்டு கிழமையில் பள்ளிக்கூடமும் போனேன். ஆனால் சைக்கிள் ஓடும் வேகம், சிரிக்கும் சத்தம், படலையில் நிற்கும் நேரம் எல்லாவற்றுக்கும் அன்றிலிருந்து கணக்கு வந்துவிட்டது. கணக்குப் பிள்ளை அப்பா இல்லை, அம்மம்மாதான். ராபியாவின் தாய் அவளை அதட்டும் இடத்தில் எனக்குக் கேட்டது அம்மம்மாவின் குரல். சல்மாவின் தெரு எனக்கு வேற்றுத் தெரு என்று இனி யார் சொன்னாலும் ஏற்க மாட்டேன்.

எங்கள் வாசிப்பு வட்டம் நல்லூருக்குப் பக்கத்தில் ஒரு வீட்டு விறாந்தையில் மாதம் ஒருமுறை கூடுகிறது. பெரும்பாலும் ஆசிரியைகள், ஓய்வு பெற்றவர்கள், பல்கலைக்கழகப் பிள்ளைகள் சிலர். இந்த நாவலை எடுத்த மாதம் யாழ்ப்பாண முஸ்லிம்களின் சோனகத் தெருவிலிருந்து ஓர் இளம் தோழி வந்திருந்தார். 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாண முஸ்லிம்களை இரண்டு மணி நேர அவகாசத்தில் விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். வடக்கு முழுவதிலுமிருந்து ஏறத்தாழ 75,000 பேர் அப்படிப் போக வேண்டியிருந்தது. அந்தக் குடும்பமும் போய்ப் புத்தளத்தில் அகதி முகாமில் இருந்தது. தோழி அங்கே பிறந்து வளர்ந்தவர். போர் முடிந்த பிறகு உம்மாவோடு திரும்பி வந்தார். இந்த ஊரில் பிறந்த நாங்கள் அந்த நாளைப் பற்றிப் போதிய அளவு பேசியதே இல்லை. அது வெட்கப்பட வேண்டிய மௌனம். அவர் எங்கள் விறாந்தையில் வந்து உட்கார்ந்ததே பெரிய மனது என்றுதான் நான் நினைக்கிறேன்.

நாங்கள் எல்லோரும் அந்த நாவலின் வீடுகளைச் சிறை என்று பேசிக்கொண்டிருந்தோம். தோழி கடைசியில்தான் வாய் திறந்தார். "ரீச்சர், நீங்கள் எல்லோரும் இந்தத் தெருவை விட்டு எப்படி வெளியே போவது என்று படிக்கிறீர்கள். நான் இந்தத் தெருவுக்குள் எப்படித் திரும்பிப் போவது என்று படித்தேன்" என்றார். உம்மாவுக்கு இரவில் ஒரு அத்தியாயமாக வாசித்துக் காட்டினாராம். ஒரு வீட்டிலிருந்து மற்ற வீட்டுக்குப் பெண்கள் போய்வருவதும், நோன்பு நாள் அடுக்களைச் சந்தடியும், வெற்றிலை போட்டுக்கொண்டு பழைய கதை சொல்லும் கிழவியும் வந்தபோது உம்மா இடையில் நிறுத்தி, 1990க்கு முன்பு எந்த வீட்டில் யார் அப்படி இருந்தார் என்று பெயர் பெயராகச் சொன்னாராம். பச்சைப் பேச்சு வரும் இடங்களில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாராம். அந்தப் பெண்களில் பாதிப் பேர் திரும்பி வரவில்லை. சிலர் புத்தளத்து மண்ணிலேயே அடங்கிவிட்டார்கள். வந்தவர்களுக்குச் சுவர் இருந்தால் கூரை இல்லை.

இப்படி ஒரு வாசிப்பு அந்த நாவலுக்குள் இருக்கிறது என்று எனக்கு அதுவரை தெரியாது. மூச்சு முட்டுகிறது என்று சல்மா எழுதிய அதே அடுக்களையில் ஒருவருக்கொருவர் துணையாக இருந்த ஓர் உலகமும் இருந்தது. இரண்டையும் குறைக்காமல் எழுதியதால்தான் துவரங்குறிச்சியின் சாயல் கொண்ட ஒரு தெருவில் சோனகத் தெருப் பெண் ஒருவர் தன் அயலைத் தேடிக் கண்டெடுக்க முடிந்தது. மலசலகூடக் கதைக்கு இந்த வலிமை இல்லை. அது கேட்பவரை இரக்கப்பட வைக்கும், அவ்வளவுதான்.

சல்மாவின் பொது வாழ்க்கை பற்றி அதிகம் எழுதப் போவதில்லை, செய்தித்தாள்களில் இருக்கிறது. 2001இல் ஊர்ப் பேரூராட்சித் தலைவர் பதவி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. தான் நிற்க நினைத்திருந்த கணவர் மனைவியை நிறுத்தினார். சல்மா வென்றார். 2006இல் மருங்காபுரியில் தி.மு.க. சார்பில் சட்டமன்றத்துக்கு நின்று தோற்றார். பிறகு சமூகநல வாரியத் தலைவராக இருந்தார். 2025இல் மாநிலங்களவை உறுப்பினரானார். இதில் 2001தான் என்னைக் கவர்கிறது. இலங்கையில் உள்ளூராட்சி மன்றங்களில் பெண்களுக்கு 25 வீத ஒதுக்கீடு 2018 தேர்தலில்தான் முதன்முதலாக நடைமுறைக்கு வந்தது. அப்போது எங்கள் பகுதியிலும், பட்டியலை நிரப்ப யாருடைய மனைவி, யாருடைய தங்கை என்று தேடித் திரிந்தார்கள். பெயருக்கு நிறுத்தப்பட்ட பெண் பெயருக்காகவே இருந்துவிடுவாள் என்று நம்பித்தான் நிறுத்துகிறார்கள். சல்மா அப்படி இருக்கவில்லை. வீட்டுக்குள் புனைபெயரில் ஒளிந்திருந்தவர் பேரூராட்சி நாற்காலியில் வெளிச்சத்தில் உட்கார்ந்தார். நாவல் வந்தது அந்தப் பதவிக்காலத்துக்குள்தான் என்பதையும் கவனிக்க வேண்டும்.

கிம் லாஞ்சினோட்டோ எடுத்த 'சல்மா' ஆவணப்படம் 2013இல் வந்த பிறகு உலகமெங்கும் அவருடைய வாழ்க்கை தெரியவந்தது. நல்ல படம். ஆனால் படம் பார்த்தவர்களில் பலர் அதோடு நின்றுவிட்டார்கள். அதற்குப் பிறகு அவர் எழுதிய 'மனாமியங்கள்' என்ற நாவலை இங்கே படித்தவர்களை விரல்விட்டு எண்ணலாம். இதில் மெஹர் என்ற பெண். அவளுடைய கணவன் ஹசன் மார்க்கத்தில் தீவிரமாகி, அவளுக்கு மேல் இன்னொருத்தியையும் மணக்கிறான். அவள் பொறுத்துப் போகாமல் பிரிந்து வருகிறாள். முதல் நாவலில் வழக்கம் என்ற பெயரில் இருந்த இறுக்கம் இங்கே தூய்மை என்ற பெயரில் வந்துவிடுகிறது. முதல் நாவலின் கிழவிகள் அறிந்திருந்த கதைகளுக்கும் பாட்டுக்கும் இந்த வீட்டில் இடமில்லை. ஒரே சமூகத்தில் ஒரு தலைமுறைக்குள் நேர்ந்த இந்த மாற்றத்தைத் தமிழில் இவ்வளவு கூர்ந்து பார்த்தவர் வேறு யார்? நாவலாக முதலாவதன் விரிவு இதற்கு இல்லை என்பது என் கணிப்பு. அந்தப் பெண்களின் சிரிப்பு இதில் குறைந்துவிட்டது. குறைந்ததே ஒரு செய்தி என்று தோழி வாதாடுகிறார். இருக்கலாம்.

வருகிற மாதம் வட்டத்தில் 'மனாமியங்கள்' எடுத்திருக்கிறோம். தோழி இந்த முறை உம்மாவையும் அழைத்து வருகிறார். உம்மாவுக்குக் கண் பார்வை குறைவு. ஆகவே முக்கியமான அத்தியாயங்களை நான் உரக்க வாசிப்பதாக ஏற்பாடு. ஹசன் இரண்டாம் கல்யாணத்துக்குச் சொல்லும் நியாயங்களை அவர் கேட்டுவிட்டு என்ன சொல்லி வைவார் என்பதுதான் இப்போது எங்கள் எல்லோருக்கும் ஆவல்.